பெயின்ட் அடித்த லாச்சி அலுமாரி வாங்கப் போகிறவர்கள் ஒருமுறை இதை வாசியுங்கள்

கார்த்திகை மழை பிடித்து நாலாம் நாள், ஹோலில் நின்ற அம்மாவின் லாச்சி அலுமாரியில் கீழ் லாச்சி (இழுப்பறை) திறக்க மறுத்தது. மழைக்கு மரம் இறுகுவது எங்கள் வீட்டில் புதிதில்லை. மட்டக்களப்பு கல்லடியில் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் குடியிருந்துகொண்டு அதற்கெல்லாம் யாரும் கவலைப்படுவதில்லை. கரண்டிக் காம்பை இடுக்கில் கொடுத்து நெம்பினேன். முன்பலகை அப்படியே கையோடு வந்துவிட்டது. உடைந்த இடத்தில் மரம் இல்லை. பாலில் ஊறிய ரஸ்க் மாதிரி ஊதிப்போன தவிட்டு நிறத் தூள்தான் இருந்தது. விரலால் நசித்தால் உதிர்ந்தது.

அம்மா வந்து குனிந்து பார்த்தார். லாச்சியைத் திருப்பச் சொல்லி அதன் முதுகைத் தடவினார். "புள்ள, இது என்ட லாச்சி இல்ல" என்றார்.

அம்மாவுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அந்த அலுமாரிக்கு நாலு லாச்சி. ஒவ்வொன்றின் முதுகிலும் உளியால் கொத்திய கோடுகள் இருந்தன, மேல் லாச்சிக்கு ஒன்று, அடுத்ததற்கு இரண்டு, இப்படியே நாலு வரைக்கும். கையால் செய்த லாச்சி ஒன்றின் அளவு இன்னொன்றுக்கு வராது. கழற்றினால் அதனதன் பொந்துக்குத் திரும்பிப் போக வேண்டும் என்பதற்காக ஓடாவி (தச்சர்) போட்டுவைத்த அடையாளம் அது. சின்ன வயதில் நான் அந்தக் கோடுகளில்தான் எண்ணப் பழகினேன் என்று அம்மா சொல்வார். இப்போது இருந்தவற்றில் நாலிலும் ஒரு கீறல்கூட இல்லை. மொழுமொழுவென்று பெயின்ட்.

அந்த அலுமாரி 1971-இல் அம்மாவின் சீதன வீட்டுக்காகத் தேக்கில் செய்தது. புளியந்தீவில் இருந்த பறங்கி (ஐரோப்பிய வழிவந்த) ஓடாவி ஒருவர் செய்தாராம். அந்தக் காலத்தில் மட்டக்களப்பில் நல்ல மரவேலை என்றால் பறங்கியரிடம்தான் போவார்கள். (அலுமாரி என்ற சொல் போர்த்துக்கீசரோடு வந்தது, லாச்சி ஒல்லாந்தரோடு வந்தது. இரண்டையும் சேர்த்து நாங்கள் 'லாச்சி அலுமாரி' என்கிறோம்.) 1978 சூறாவளியில் கூரை போய் இரவு முழுக்க மழையில் நனைந்தது. 2004 டிசம்பர் 26 அன்று உப்புத் தண்ணீரில் மூழ்கி, சேறோடு வெளியில் வந்தது. அப்பா அதைக் கழுவி, லாச்சிகளை நிழலில் பரப்பி, மூன்று கிழமை காயவிட்டார். எல்லாம் திரும்ப அதே பொந்துகளுக்குள் போயின. சுனாமிக்கு அசையாத லாச்சி மழை ஈரத்துக்கு ரஸ்க் ஆகாது. அம்மா சொல்லாவிட்டாலும் எனக்கு அங்கேயே உறைத்திருக்க வேண்டும்.

சரி, இது எப்படி நடந்தது என்று சொல்கிறேன்.

குற்றம் என்னிலிருந்துதான் தொடங்குகிறது. போனில் படம் பார்த்துப் பார்த்து ஆசை வந்தது. அறைக்கு ஒரு நிறத்தில் லாச்சி அலுமாரி. ஹோலுக்குக் கடல்நீலம், படுக்கையறைக்கு வெள்ளை, மகளின் அறைக்கு இளமஞ்சள். மேலே ஒரு விளக்கு, இரண்டு படம், பூச்சாடி. எங்கள் வீட்டுச் சுவர்கள் எல்லாமே ஒரே பழுப்பு வெள்ளை, கீழே சீமெந்துத் தரை. நிறமான ஒரு பொருளை ஒரு மூலையில் வைத்தாலே அறை எழும்பிவிடும். இன்றைக்கும் அந்த யோசனையை நான் பிழை சொல்லமாட்டேன். சின்ன வீட்டில் சாமானை ஒளித்துவைக்கவும் அதைவிட நல்ல வழியில்லை.

பேஸ்புக்கில் ஒருவர் இதே மாதிரிப் படங்களாகப் போட்டுக்கொண்டிருந்தார். பேசினேன். வீட்டுக்கே வந்தார். நல்ல மரியாதை, வாய்க்கு வாய் "அக்கா". அம்மாவின் அலுமாரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, கீழ் லாச்சியை இழுத்து, கவிழ்த்து, கன நேரம் பார்த்தார். வேலையில் இவ்வளவு கவனமா என்று எனக்குச் சந்தோஷம். அது வேறு கவனம் என்று இப்போது விளங்குகிறது.

அதற்குப் பெயின்ட் அடிக்க 35,000 ரூபாய். மற்ற இரண்டு அறைக்கும் புதிதாகச் செய்து தர, ஒன்று 68,000. "முழுத் தேக்கு அக்கா, மேல மட்டும் பெயின்ட்." மொத்தம் 171,000. ஒரு லட்சம் முற்பணம் என்றார், சொன்ன கணக்குக்கு அன்றே போட்டேன். கணக்கு அவருடைய பெயரில் இல்லை. மச்சானுடையது என்றார். பில் கேட்கவில்லை. வாட்ஸ்அப்பில் விலை இருக்கிறதுதானே என்று விட்டுவிட்டேன்.

என் கணவர் ஒரு கேள்வி கேட்டார். "தேக்கு வாங்கிறவன் அதுக்கு மேல ஏன் பெயின்ட் அடிக்கிறான்?" உங்களுக்கு ரசனை இல்லை என்று நான் வாயை அடைத்தேன். இந்தப் பதிவில் நான் சொல்லப்போகும் அத்தனையும் அந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது. தேக்குக்குக் கொடுக்கும் விலையில் அதன் ரேகைக்கும் பங்கு உண்டு. அதை மூடிவிட்டால் உள்ளே தேக்கா, மாமரமா, அழுத்திய மரத்தூளா என்று அடித்தவருக்கு மட்டும்தான் தெரியும். பெயின்ட் அடிக்கத் தோதான நல்ல மரங்கள் விலை குறைவாகவே கிடைக்கும். மலைவேம்போ மாமரமோ, பலகை சீராக இருந்தால் அது போதும். நேர்மையான ஆள் அதைத்தான் உங்களுக்குச் சொல்லுவார்.

அம்மாவின் அலுமாரியை ஏற்றிப்போய் ஐந்தாம் நாளே மூன்றும் ரெடி என்று படம் வந்தது. ஐம்பது வருஷம் எண்ணெயும் வார்னிஷும் குடித்த மரத்துக்கு ஐந்து நாளில் பெயின்ட் வேலை ஒழுங்காக முடிவது கஷ்டம். பிறகு ஆரையம்பதியில் ஒரு வயதான ஓடாவியாரிடம் கேட்டுத்தான் இது எனக்குத் தெரிந்தது. முதலில் சோப்புத் தண்ணீரால் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவ வேண்டும். காய்ந்தபின் 120 நம்பர் சான்ட் பேப்பர், அதற்குப் பிறகு 220. பழைய மினுக்கம் முழுக்கப் போகவேண்டும், இல்லாவிட்டால் புதுப் பெயின்ட்டுக்குப் பிடி இருக்காது. அப்புறம் கறையை அடைக்கிற ப்ரைமர். தேக்கு மாதிரி மரங்களில் எண்ணெயும் சாயமும் இருக்கிறது, அடைக்காமல் வெள்ளை அடித்தால் அது மேலே ஊறிவரும். கடைசியில்தான் நிறம், மெல்லிசாக இரண்டு தரம், ஒன்று காய்ந்தபின் மற்றது. அதோடும் முடியவில்லை. தொட்டால் ஒட்டாத பெயின்ட் எல்லாம் இறுகிய பெயின்ட் இல்லை. உள்வரைக்கும் இறுக சில கிழமை எடுக்கும். அதற்குள் லாச்சியை மூடி உடுப்பு அடைந்தால் பலகையோடு பலகை ஒட்டிக்கொள்ளும். பழைய பெயின்ட் இருக்கிற தளபாடம் என்றால் இன்னொன்றையும் சொன்னார், அதில் ஈயம் இருக்கலாம், பிள்ளைகள் இருக்கிற வீட்டில் ஈரமில்லாமல் உரசித் தூள் பறக்கவிடாதீர்கள் என்று.

செப்டெம்பர் 6, ஒரு சின்னப் பட்டா லொறியில் மூன்றும் வந்தன. பார்க்க அழகு. மிச்சப் பணத்தையும் கொடுத்தேன். அம்மாவின் அலுமாரியில் இருந்த பித்தளைக் கைபிடிகளைக் காணவில்லை, தங்க நிறத்தில் வேறு பூட்டியிருந்தது. "அது பழசாப் போச்சு அக்கா, புதுசு போட்டிருக்கன், காசு வேணாம்." நான் நன்றி சொன்னேன்! பித்தளை கிலோ என்ன விலை போகிறதென்று ஒரு கணம் யோசித்திருந்தால் போதும். பெயின்ட் மணம் போகட்டும் என்று லாச்சிகளில் ஒன்றும் வைக்காமல் பத்து நாள் விட்டோம். அம்மாவும் தன் சாமான்களை அடுக்கவில்லை. உடுப்புகளை நான்தான் மடித்து வைத்தேன். எனக்குக் கோடும் நினைவுக்கு வரவில்லை, ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

மூன்றாம் கிழமை அம்மாவின் அலுமாரியின் மேற்பலகையில் தேத்தண்ணி ஊற்றிய மாதிரிக் கறை. மகளை ஏசினேன், பாவம். துடைத்தேன், போகவில்லை. தேக்கின் சாயம் ஊறுகிறது. ஒக்டோபரில் விளிம்பில் நகம் பட்டது. பிளாஸ்டர் உரிகிற மாதிரி ஒரு முழ நீளத்துக்குப் பெயின்ட் தோலோடு எழும்பியது, கீழே பழைய வார்னிஷ் அப்படியே மினுங்கிக்கொண்டிருந்தது. சான்ட் பேப்பர் அந்தப் பக்கமே போகவில்லை. போன் எடுத்தேன். "கடல்காத்து அக்கா, உங்கட வீட்டுப் பக்கம் அப்பிடித்தான்" என்றார்.

இதைவிடப் பெரியது மகளின் அறையில் நடந்தது. ஏழு வயது. எதையோ தேடி மூன்று லாச்சியையும் ஒன்றாக இழுத்து விட்டிருக்கிறாள். வெறும் கூடு லேசு, சாமான் அடைந்த லாச்சிகள் பாரம், முழுப் பாரமும் முன்னுக்கு வந்ததும் அலுமாரி அவள் மேல் சாய்ந்தது. கணவர் பக்கத்தில் நின்றதால் பிடித்தார். உயரமான லாச்சி அலுமாரி எதுவானாலும், நல்லதோ கெட்டதோ, பின்பக்கத்தில் ஒரு எல் (L) வடிவத் தகடு போட்டுச் சுவரோடு இறுக்குங்கள். இதை மட்டுமாவது இன்றைக்கே செய்யுங்கள்.

அந்த ரஸ்க் லாச்சிக்குப் பிறகு மூன்றையும் கவிழ்த்துப் பார்த்தோம். புதிது இரண்டும் பார்ட்டிகிள் போட், முதுகுக்கு ஹாட்போட். தேக்கு என்று சொல்ல ஒரு துண்டுகூட இல்லை. அம்மாவினதில் சட்டகமும் மேற்பலகையும் மட்டும் பழையது. நாலு லாச்சியும் முதுகுப் பலகையும் மாறியிருந்தன. பழைய லாச்சிகளின் மூலையில் ஆணியே கிடையாது, கைவிரல்களைக் கோத்த மாதிரிப் பலகையோடு பலகை கோத்திருக்கும். இதில் ஸ்டேப்ளர் பின். நல்ல மரம் மார்கழியில் ஊதினாலும் மாசியில் தன் அளவுக்கு வந்துவிடும். அதுவரை ஓடுபாதையில் மெழுகுதிரி தேய்த்தால் சமாளிக்கலாம். அழுத்திய தூள் ஒருதரம் ஊதினால் ஊதினதுதான்.

நேரே போய்க் கேட்டோம். முதலில் "நீங்க தந்ததுதான் அக்கா இது" என்றார். கொடுக்கும்போது லாச்சியைத் திறந்து ஒரு படம் எடுத்திருந்தால் அந்த வாயைத் திறந்திருக்கமாட்டார். என்னிடம் இருந்ததெல்லாம் அலுமாரிக்கு முன்னால் மகள் பிறந்தநாள் கேக் வெட்டுகிற படம், லாச்சி எல்லாம் மூடியபடி. ஆகவே தயவுசெய்து பழைய சாமான் எதையும் வேலைக்குக் கொடுக்கும்முன் உள்ளும் புறமும், மூலை, முதுகு, கைபிடி, பூட்டு எல்லாவற்றையும் கிட்ட நின்று படம் எடுங்கள். கைபிடிகளைக் கழற்றி வீட்டில் வைத்துக்கொண்டே கொடுங்கள். லாச்சிகளின் உள்பக்கத்துக்கும் அலுமாரியின் முதுகுக்கும் பெயின்ட் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். புதிதாகச் செய்விப்பதென்றாலும் அப்படியே. நல்ல வேலைக்காரருக்கு அது லாபம், பெயின்ட் மிச்சம். முகம் மாறுகிறவரிடம் கொடுக்காதீர்கள். முடிந்தால் பெயின்ட் அடிக்கும்முன் போய் வெறும் மரத்தைப் பாருங்கள், அதுவரைக்கும் பாதிக் காசுக்கு மேல் கொடுக்க வேண்டாம்.

கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) நுகர்வோர் அதிகார சபை ஆட்களிடம் போனேன். முதல் கேள்வி, பில் எங்கே? கேட்டால் பில் தந்தே ஆகவேண்டும், அது வியாபாரியின் கடமை என்றார் அந்த அலுவலர். நான் கேட்கவே இல்லையே. இரண்டாம் கேள்வி, எப்போது வாங்கினீர்கள்? முறைப்பாடு எழுத்தில், மூன்று மாதத்துக்குள் போகவேண்டுமாம். நான் போனது நவம்பர் 28. இன்னும் எட்டு நாள்தான் இருந்தது. மழை விட்டபின் பார்ப்போம் என்று இருந்திருந்தால் அதுவும் போயிருக்கும். வங்கிச் சிட்டை, வாட்ஸ்அப்பில் "முழுத் தேக்கு" என்று அவர் எழுதிய வரி, ஊதிய லாச்சியின் படம், மூன்றையும் கொடுத்தேன். தூரத்தில் இருக்கிறவர்கள் 1977-க்குப் போன் பண்ணியும் விசாரிக்கலாம்.

ஆளின் பெயரோ ஊரோ இங்கே எழுதமாட்டேன், விசாரணை நடக்கிறது. உள்பெட்டியில் வந்தும் கேட்காதீர்கள். அவருடைய பக்கத்தில் தைப்பொங்கல் ஓஃபர் ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால்தான் இப்போதே எழுதினேன். இதுவரை 40,000 திரும்பி வந்திருக்கிறது. லாச்சிகள் எங்கே என்றால் "விறகுக்குப் போயிருக்கும்" என்கிறார். அம்மா அதை நம்பவில்லை. யாருடைய வீட்டிலாவது, புதிதாக வாங்கிய பெயின்ட் அடித்த அலுமாரியில், லாச்சியின் முதுகில் உளிக்கோடு இருந்தால் சொல்லுங்கள். பெயின்ட்டுக்குக் கீழும் விரலுக்குத் தட்டுப்படும்.

ஆரையம்பதி ஓடாவியார் மாசியில், மரம் காய்ந்தபிறகு, அளவெடுக்க வருகிறேன் என்றிருக்கிறார். அதுவரை அலுமாரி லாச்சியில்லாமல் நாலு பொந்தோடு ஹோலில் நிற்கிறது. கீழ்ப் பொந்தில் பூனை மூன்று குட்டி போட்டிருக்கிறது. புது லாச்சி வந்தால் அதுகள் எங்கே போகும் என்று அம்மா இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டார்.