90 நாள் சோலோ எண்டார்ஸ்மென்ட் பெயரில் வசூல்: அமெரிக்காவில் விமானம் ஓட்டப் பழகுபவர்கள் கவனத்துக்கு

அமெரிக்காவில் பிரைவேட் பைலட் லைசென்ஸுக்குப் பயிற்சி எடுக்கும் ஒரு மாணவரிடம், சோலோ எண்டார்ஸ்மென்ட்டை (தனியாக ஓட்டலாம் என்று இன்ஸ்ட்ரக்டர் எழுதித் தரும் அனுமதி) புதுப்பிக்க ஒரு பயிற்சிப் பள்ளி நீட்டிய பில் இது. செஸ்னா 172 வாடகை மூன்று மணி நேரம், மணிக்கு 185 டாலர் வீதம் 555. இன்ஸ்ட்ரக்டருக்கு வானில் மூன்று மணி, தரையில் மூன்று மணி, மணிக்கு 70 வீதம் 420. கடைசி வரியில், அமெரிக்க மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. பெயரில் ‘எஃப்.ஏ.ஏ. எண்டார்ஸ்மென்ட் கட்டணம்’ 150. ஆக மொத்தம் 1,125 டாலர். ஏன் இவ்வளவு என்று கேட்டதற்கு, “எஃப்.ஏ.ஏ. ரூல், எங்கள் கையில் ஒன்றும் இல்லை” என்று பதில். இத்தனையும் கட்டி வாங்கிய கையெழுத்து செல்லாத கையெழுத்து என்பதுதான் இதில் பெரிய கொடுமை.

முதலில் பணம். எண்டார்ஸ்மென்ட்டுக்கு எஃப்.ஏ.ஏ. ஒரு காசு வாங்குவதில்லை. அது உங்கள் லாக்புக்கில் (பறந்த கணக்கு எழுதும் பதிவேட்டில்) இன்ஸ்ட்ரக்டர் எழுதித் தரும் நான்கு வரி. எந்த அரசு அலுவலகத்துக்கும் அது போவதில்லை. புதுப்பிக்க இத்தனை மணி நேரம் பறந்தாக வேண்டும் என்றும் விதியில் இல்லை. விதி எண் 61.87 சொல்வது இவ்வளவுதான்: நீங்கள் தனியாக ஓட்டப்போகும் அதே மேக், அதே மாடல் விமானத்தில் உங்களுக்குப் பயிற்சி கொடுத்த இன்ஸ்ட்ரக்டர், தனியாக ஓட்டும் திறமை உங்களிடம் இருக்கிறது என்று 90 நாளுக்கு ஒருமுறை லாக்புக்கில் எழுதித் தர வேண்டும். முதல் சோலோவுக்கு முன் எழுதிய பரீட்சையைப் புதுப்பிக்கும்போதெல்லாம் திரும்ப எழுதச் சொல்லி அந்த விதி கேட்கவில்லை. விமான மாடல் மாறினால் கதை வேறு.

கையெழுத்துப் போடுமுன் திறமையைப் பார்க்க இன்ஸ்ட்ரக்டர் கூடவே பறப்பார். ஒழுங்காக ஓட்டி வரும் மாணவருக்கு இந்தச் சோதனை ஓட்டம் ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணிக்குள் முடியும். ஸ்லோ ஃப்ளைட், ஸ்டால், எஞ்சின் நின்றுபோனதாக வைத்துக்கொண்டு வயல்வெளி பார்த்து இறங்கும் பயிற்சி, ஒரு கோ-அரவுண்ட் (இறங்காமல் மேலேறிச் சுற்றி வருவது), மூன்று நான்கு லேண்டிங், கிடைத்தால் கொஞ்சம் கிராஸ்விண்ட் (பக்கவாட்டுக் காற்று). தரையில் அரை மணிப் பேச்சு. இரண்டு மாதம் பறக்காமல் இருந்தவருக்குக் கூடுதல் நேரம் ஆகலாம், அது நியாயம். இந்த மாணவர் விஷயத்தில் விமானம் ஓடிய நேரத்தைக் காட்டும் ஹாப்ஸ் மீட்டர் காட்டியது 1.4 மணி. வாடகை 259, இன்ஸ்ட்ரக்டருக்குத் தரையில் பேசிய அரை மணியும் சேர்த்து 1.9 மணிக்கு 133, கூட்டினால் 392 டாலர். மீதி 733 டாலருக்குப் பள்ளி வைத்த பெயர் ‘பேக்கேஜ்’.

பள்ளிக்கென்று தனி விதி இருக்கக் கூடாதா என்றால், இருக்கலாம். இன்சூரன்ஸ் கம்பெனி கேட்கிறது என்று 30 நாளுக்கு ஒருமுறை இன்ஸ்ட்ரக்டருடன் பறக்கச் சொல்லும் இடங்கள் உண்டு. எஃப்.ஏ.ஏ. விதிகளின் பகுதி 141-இன்கீழ் நடக்கும் பள்ளிகளில் பாடத்திட்டத்திலேயே ஸ்டேஜ் செக் (கட்டத்துக்குக் கட்டம் நடக்கும் தேர்வு) வரும். அது பள்ளி விதி என்று சொல்லி, சேரும்போதே எழுத்தில் கொடுத்திருந்தால் சண்டைக்கு இடமில்லை. பள்ளி விதிக்கு எஃப்.ஏ.ஏ. சட்டை மாட்டிவிட்டுக் காசு கேட்பதுதான் ஏமாற்று. “எந்த விதி, எண் சொல்லுங்கள்” என்ற ஒரே கேள்வியில் பாதிப் பேர் இறங்கி வந்துவிடுவார்கள்.

இனி அந்தக் கையெழுத்து. அதில் மூன்று கோளாறு.

அவருடன் 1.4 மணி பறந்தவர் ஓர் இன்ஸ்ட்ரக்டர். கையெழுத்துப் போட்டவரோ, அவருடன் ஒருநாளும் விமானத்தில் உட்காராத சீஃப் இன்ஸ்ட்ரக்டர். விதி 61.195-இன்படி, சோலோவுக்கான பயிற்சியைத் தான் கொடுக்காத மாணவருக்கு ஓர் இன்ஸ்ட்ரக்டர் சோலோ எண்டார்ஸ்மென்ட் தர முடியாது. எத்தனை பெரிய பதவியில் இருந்தாலும் மேசையில் உட்கார்ந்தபடி கையெழுத்துப் போட அவருக்கு அதிகாரம் இல்லை. மணிநேரம் சேர்ந்ததும் இன்ஸ்ட்ரக்டர்கள் ஏர்லைனுக்குப் போய்விடுவது வழக்கம். அப்படி நடுவில் ஆள் மாறும்போதுதான் இந்தக் குளறுபடி அதிகம் நடக்கிறது. புது இன்ஸ்ட்ரக்டர் “முதலில் ஒரு தடவை சேர்ந்து பறப்போம்” என்று சொன்னால் முகம் சுளிக்காதீர்கள். அவர்தான் சரியான ஆள்.

இரண்டாவது, விமானத்தின் பெயருக்கு ‘செஸ்னா’ என்று மட்டும் எழுதியிருந்தார்கள். 152-ஆ, 172-ஆ? மாடல் இல்லாமல் எழுதினால் விதி கேட்கும் விவரம் அங்கே இல்லை என்று பொருள். 172 மெயின்டெனன்ஸில் கிடக்கிறது, இன்றைக்கு பைப்பர் பி.ஏ.28 எடுத்துக்கொள் என்று டெஸ்பாட்ச் கவுன்டரில் சாவியைக் கொடுத்தாலும் இதே சிக்கல்தான். அந்த மாடலுக்குத் தனியாகப் பயிற்சியும் எண்டார்ஸ்மென்ட்டும் இல்லாமல் சோலோ கிடையாது.

மூன்றாவதுதான் ஆபத்து. பழைய கையெழுத்தின் தேதி மார்ச் 3. மூன்று மாதம் என்று மனக்கணக்குப் போட்டு, ஜூன் 3 அன்று அவருக்குப் பள்ளி விமானத்தைக் கொடுத்து சோலோ அனுப்பியது. விதி சொல்வது 90 நாள், மூன்று மாதம் அல்ல. மார்ச்சில் மிச்சம் 28, ஏப்ரல் 30, மே 31, சேர்த்தால் 89. ஆக 90-ஆவது நாள் ஜூன் 1. மெடிக்கல் சர்டிஃபிகேட் மாதக் கடைசி வரை ஓடும், பரீட்சைக்கு முந்தைய பயிற்சியும் காலண்டர் மாதக் கணக்கு. அந்தப் பழக்கத்தில் இதையும் மாதமாக எண்ணிவிடுகிறார்கள். தவறு தெரிந்ததும் பள்ளி செய்த காரியம், ஜூன் 9 அன்று போட்ட புதுக் கையெழுத்துக்கு ஜூன் 1 என்று தேதி போட்டது. உதவி மாதிரித் தெரியும். எஃப்.ஏ.ஏ. விதிகளின்படி லாக்புக்கில் வேண்டுமென்றே பொய் எழுதுவது, உள்ள சர்டிஃபிகேட்களையே ரத்துசெய்யக் காரணமாகலாம். தெரிந்தே அதைத் தன் லாக்புக்கில் வைத்திருந்து காட்டும் மாணவரும் தப்ப முடியாது. ஜூன் 3 பறந்தது தெரியாமல் நடந்த பிழை; முன்தேதி போட்ட பிறகு அது மோசடி.

இதெல்லாம் எங்கே வெளிவரும் என்றால் செக்ரைடில், அதாவது லைசென்ஸுக்கான செய்முறைப் பரீட்சையில். எக்ஸாமினர் லாக்புக்கைப் புரட்டி, சோலோ பறந்த ஒவ்வொரு தேதிக்கும் நேராக எண்டார்ஸ்மென்ட் நடப்பில் இருந்ததா என்று பார்க்கலாம். தேவைப்படும் 10 மணி சோலோ, அதில் 5 மணி கிராஸ்-கன்ட்ரி (வேறு ஊர் விமான நிலையத்துக்குப் போகும் பயணம்), 150 நாட்டிக்கல் மைல் நீளப் பயணம் எல்லாம் எண்டார்ஸ்மென்ட் நடப்பில் இல்லாத தேதிகளில் விழுந்திருந்தால் பரீட்சை அன்றோடு நின்றுவிடும். அதற்கு முன்பே விபத்து ஒன்று நடந்தால், இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பதும் இந்தப் பக்கத்தைத்தான். இந்தியாவுக்குத் திரும்பி டி.ஜி.சி.ஏ. லைசென்ஸுக்கு மாற்ற நினைப்பவர்களும் இதே லாக்புக்கைத்தான் நீட்ட வேண்டும்.

கூடவே விற்கப்படும் இன்னும் சில வெற்றுச் சரக்குகள். ‘ஸ்டூடன்ட் பைலட் சர்டிஃபிகேட் புதுப்பித்தல்’: 2016 ஏப்ரலுக்குப் பின் வரும் பிளாஸ்டிக் கார்டுக்குக் காலாவதித் தேதியே இல்லை. ‘கிராஸ்-கன்ட்ரி எண்டார்ஸ்மென்ட் 90 நாள் புதுப்பித்தல்’: அந்த அடிப்படை எண்டார்ஸ்மென்ட்டுக்கு 90 நாள் கெடு கிடையாது. கெடு இருப்பது சோலோவுக்கும், கிளாஸ் பி வான்பகுதிக்கும்தான் (பெரிய விமான நிலையங்களைச் சுற்றிய வான்பகுதி). கிராஸ்-கன்ட்ரிக்கு ஒவ்வொரு பயணத்துக்கும் உங்கள் பிளானிங்கைச் சரிபார்த்து ஒரு குறிப்பு எழுத வேண்டும், அது வேறு. 50 நாட்டிக்கல் மைலுக்குள் ஒரே வழியில் திரும்பத் திரும்பப் போவதற்கு ஒரே எண்டார்ஸ்மென்ட்டில் அனுமதி தரவும் வழி இருக்கிறது.

காசு கொடுப்பதற்கு முன்: எஃப்.ஏ.ஏ.வின் ஆலோசனைச் சுற்றறிக்கை 61-65-இல் ஒவ்வொரு எண்டார்ஸ்மென்ட்டுக்கும் மாதிரி வாசகம் இருக்கிறது. முதல் 90 நாளுக்கு ஒன்று, அடுத்தடுத்த 90 நாளுக்கு வேறொன்று. இரண்டாவதை அச்செடுத்து லாக்புக்கில் சொருகி வையுங்கள். எழுதித் தந்ததும் வரிக்கு வரி ஒத்துப்பாருங்கள். உங்கள் முழுப் பெயர், மேக், மாடல், கையெழுத்திட்ட அதே நாளின் தேதி, இன்ஸ்ட்ரக்டரின் சர்டிஃபிகேட் எண். 2024 டிசம்பரிலிருந்து இன்ஸ்ட்ரக்டர் சர்டிஃபிகேட்டில் காலாவதித் தேதி அச்சிடப்படுவதில்லை. அதற்குப் பதில் அண்மை அனுபவக் கெடுத் தேதி ஒன்று உண்டு. அதைக் கேட்டு எழுத வையுங்கள், கெடு தாண்டியவரின் கையெழுத்து உதவாது. பறப்பதற்கு முன்னும் பின்னும் ஹாப்ஸ் மீட்டரைப் படம் பிடியுங்கள். லாக்புக் பக்கத்தையும் அன்றே படம் எடுத்துவிடுங்கள். முன்பணமாக ஆயிரக்கணக்கில் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். திருப்பித் தரும் நிபந்தனை எழுத்தில் இல்லாமல் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் பழைய பதிவை அடித்துத் திருத்தாதீர்கள். தகுதியான இன்ஸ்ட்ரக்டருடன் பறந்து, இன்றைய தேதியில் புது எண்டார்ஸ்மென்ட் வாங்குங்கள். கெடு தாண்டித் தெரியாமல் பறந்திருந்தால், தெரியவந்த 10 நாளுக்குள் நாசாவின் விமானப் பாதுகாப்பு அறிக்கைத் திட்டத்தில் ஒரு அறிக்கை அனுப்பிவிடுங்கள். வேண்டுமென்று செய்யாத மீறல் என்றால் தண்டனையிலிருந்து விலக்குக் கேட்க அது உதவும். முன்தேதி வேலைக்கு உதவாது. யாருக்கு எப்போது கையெழுத்துப் போட்டார் என்ற பதிவை இன்ஸ்ட்ரக்டர் மூன்று ஆண்டு வைத்திருக்கக் கடமைப்பட்டவர் என்பதால், அதன் நகலைக் கேட்கலாம். பொய்த் தேதிப் புகார் அந்த வட்டாரத்தின் எஃப்.ஏ.ஏ. ஃப்ளைட் ஸ்டாண்டர்ட்ஸ் அலுவலகத்துக்கு. பணத் தகராறில் அவர்கள் தலையிட மாட்டார்கள். அதற்குக் கிரெடிட் கார்டு கம்பெனியில் டிஸ்பியூட், மாநில அட்டர்னி ஜெனரலின் நுகர்வோர் பிரிவு, கடைசியாக ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட். மூன்று இடத்திலும் ஹாப்ஸ் படமும் பில்லும் கேட்பார்கள்.