கிருஷ்ணகிரி விதைக்கடைப் பட்டியல்: தைப்பட்டத்துக்கு எவ்வளவு உதவும்?

பட்டியல் மார்கழியிலேயே கைக்கு வந்துவிடுவது நல்லது. தக்காளிப் பக்கம் அருமை: அர்கா ரக்‌ஷக் இலைச்சுருட்டு வைரஸ், பாக்டீரியா வாடல், முன்பருவ இலைக்கருகல் மூன்றையும் தாங்கும் என்று தெளிவாகப் போட்டிருக்கிறார்கள். வெயில் ஏற ஏற, இலைச்சுருட்டைப் பரப்பும் வெள்ளை ஈ பெருகும் நம் பக்கத்துக்கு அதுதானே வேண்டும்! ஆனால் அது எஃப்1, அதாவது முதல் தலைமுறைக் கலப்பினம். அதிலிருந்து விதை எடுத்தால் அடுத்த தலைமுறையில் குணம் கலைந்துவிடும் என்ற எச்சரிக்கை இல்லை. விதை எடுத்து வைப்பவர்கள் கலப்பினம் அல்லாத தக்காளி ரகமான பி.கே.எம்.1 பக்கம் போங்கள்.

வெண்டைக்கு எடை மட்டும் இருக்கிறது, விதை எண்ணிக்கை இல்லை. கிராமுக்குச் சுமார் 15 விதை; வீட்டுத் தோட்டத்துக்கு 10 கிராமே தாராளம்.

வெங்காய விதையை மட்டும் பட்டியலை நம்பி வாங்காதீர்கள். ஓராண்டிலேயே முளைப்பு சரியும். லேபிளில் சோதனைத் தேதி பாருங்கள். 9 மாதம் தாண்டியிருந்தால் வேண்டாம். சந்தேகமா, 20 விதையை ஈரத்துணியில் முடிந்து வைத்து, எத்தனை முளைக்கிறது என்று பாருங்கள்.