கை ஸ்கொயரா, ஃபிஷரா?

இரண்டு சிகிச்சைகள், தொற்று வந்தது, வரவில்லை என இரண்டு முடிவுகள். இந்த 2×2 அட்டவணையில் தொடர்பு உண்டா என்று பார்க்க, ஃபிஷர் எக்ஸாக்ட், கார்ல் பியர்சன் 1900இல் தந்த கை ஸ்கொயர் என்ற இரண்டு புள்ளியியல் சோதனைகள்தான் வழக்கமாகப் போட்டியில் நிற்கும். என் ஆய்வுக்கு நான் ஃபிஷரை எடுத்தேன். ஆக, தராசு அந்தப் பக்கம்தான் சாயும்.

ஆயிரக்கணக்கில் நோயாளிகள் இருந்து முடிவும் அரிதாக இல்லையென்றால் இரண்டும் ஏறக்குறைய ஒரே பதில்தான். அதே நோயாளிகளை முன்னும் பின்னும் பார்த்திருந்தால் இரண்டுமே கூடாது, அதற்கு மெக்நெமர் என்ற வேறொரு சோதனைதான்.

தீர்மானிப்பது ஒன்றே: எதிர்பார்க்கும் எண்ணிக்கை, அதாவது தொடர்பே இல்லையென்றால் ஒவ்வொரு கட்டத்திலும் வர வேண்டியது. ‘கட்டத்தில் 5க்குக் கீழே இருந்தால் ஃபிஷர்’ என்று பலரும் கண்ணில் படும் எண்ணையே பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது வரிசைக் கூடுதலை நெடுவரிசைக் கூடுதலால் பெருக்கி, மொத்தத்தால் வகுத்தால் வருவதை. அணிக்கு 200 பேரில் ஒரு பக்கம் 0, மறுபக்கம் 12 பேருக்குத் தொற்று என்றால், எதிர்பார்ப்பு 6. பூஜ்யம் இருந்தும் கை ஸ்கொயர் தாங்கும்.

அணிக்குப் பத்துப் பேர், தொற்று ஒன்றில் 1, மற்றதில் 6 என்று வையுங்கள். எதிர்பார்ப்பு 3.5தான். கை ஸ்கொயர் தரும் பி மதிப்பு (வித்தியாசமே இல்லாதபோதும் இவ்வளவோ இதைவிட அதிகமோ வித்தியாசம் தற்செயலாகத் தெரியும் வாய்ப்பு; வழக்கமான எல்லை 0.05) 0.019. ஃபிஷர் தருவது 0.057. ஒன்று ‘வித்தியாசம் உண்டு’ என்கிறது, மற்றது தயங்குகிறது. காரணம் எளிது: ஓரக் கூடுதல்கள் (வரிசை, நெடுவரிசைக் கூடுதல்கள்) மாறாமல் இருந்தால் இங்கே எட்டே எட்டு அட்டவணைகள்தான் சாத்தியம். அந்த எட்டுப் படிகளின் மேல் கை ஸ்கொயர் ஒரு வழவழப்பான வளைவைப் போர்த்துகிறது. ஃபிஷரோ எட்டையும் எண்ணியே கணக்குப் போடுகிறது.

ஃபிஷரிலும் குறை உண்டு. மொத்தம் எத்தனை பேருக்குத் தொற்று வரும் என்பதைச் சிகிச்சை ஆய்வுகள் பொதுவாக முன்கூட்டி நிர்ணயிப்பதில்லை. ஃபிஷர் அதையும் நிலையாக எடுத்துக்கொள்வதால் கொஞ்சம் அதிகமாகவே எச்சரிக்கை காட்டும், உண்மையான வித்தியாசம் நழுவலாம். கை ஸ்கொயரின் பி மதிப்பைச் சற்று உயர்த்தும் யேட்ஸ் திருத்தத்தைப் போட்டாலும் அதே கதை, இங்கே 0.061. இருந்தாலும் இருபது பேரை வைத்து அவசரப்படுவதைவிட இந்தத் தயக்கம் எனக்குச் சம்மதம். ஆனால் எந்தச் சோதனை என்பதைத் தரவைத் திறக்கும் முன்பே எழுதிவிட வேண்டும்; 0.019ஐப் பார்த்த பிறகு மனம் அதை விடாது.

நான்கைந்து வகைகள் உள்ள பெரிய அட்டவணைகளில் ஃபிஷரை நான் அதிகம் ஓட்டியதில்லை. கணக்கு கனக்கும் என்பதால் அங்கே தற்செயல் அட்டவணைகளை உருவாக்கிப் பார்க்கும் மென்பொருளின் சிமுலேஷன் வழியைத்தான் முதலில் பார்ப்பேன்.