பெர்மிட் காணியைக் காட்டி 685,000 ரூபாய் வாங்கிவிட்டார்கள்

நேற்றுப் பின்னேரம் கிளிநொச்சியில் பிரதேச செயலகத்தின் காணிக் கிளையை விட்டு வெளியே வந்தபோது, மோட்டார் சைக்கிளுக்குத் திறப்புப் போடக்கூட என் கை நிலைகொள்ளவில்லை. விற்கவே முடியாத அரச காணியைக் காட்டி என்னிடம் வாங்கினது 685,000 ரூபாய். இரவு முழுக்க நித்திரை இல்லை. இன்னொருவர் இதே ஆட்களிடம் போய்விடக்கூடாது என்றுதான் இப்போதே எழுதுகிறேன். காணி வாங்குமுன் என்னென்ன பார்க்கவேண்டும் என்பதையும் கடைசியில் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

நான் மேசன். 2012 இல் இந்திய வீட்டுத்திட்ட வேலைகள் நடந்த காலத்திலிருந்து வன்னியில் கல் வைத்து வருகிறேன். அப்போது ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபாய், கட்டம் கட்டமாகக் கொடுத்தார்கள். வீட்டுக்காரர் தங்கள் கையிலிருந்தும் கொஞ்சம் போட்டு, சனமே மண் சுமந்து கட்டிய வீடுகள். அதில் எத்தனை வீட்டுக்கு நான் அத்திவாரம் போட்டிருக்கிறேன்! அந்தக் காசை விடக் கூடுதலான காசை இப்போது ஒரு கடதாசிக்காகக் கொடுத்துவிட்டு நிற்கிறேன்.

எனக்கும் ஒரு ஆசை இருந்தது. சொந்தமாக ஒரு துண்டுக் காணி எடுத்து, இரண்டு அறையோடு சின்ன வீடு கட்டினால், இடமாற்றத்தில் வருகிற ஆசிரியர்மார், வங்கியில் வேலை செய்கிறவர்கள் வாடகைக்கு எடுப்பார்கள். வேலை என் கையில் இருக்கிறது, கூலி மிச்சம். காணி வாங்கி விற்கிற விசயம்தான் தெரியாது. அதைப் படிக்கலாம் என்று போனேன்.

வவுனியாவில் ஒரு கடைக்கு மேல்மாடியில் நடக்கிற பயிற்சி நிலையம் அது. வீட்டுக் காணியில் முதலீடு செய்யச் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆறு ஞாயிற்றுக்கிழமைக்கு 35,000 ரூபாய். "இது புத்தகத்தில வராது தம்பி, ஆக்களோட பழகித்தான் வரும்" என்று முதல் நாளே சொன்னார்கள். எனக்கு அது சரியாகவே பட்டது, மேசன் வேலையும் நான் அப்படித்தான் பழகினேன். வாடகைக் கணக்கு, கட்டுமானச் செலவு, கனடாவில் இருக்கிறவருக்குப் படம் அனுப்பி எப்படி விற்பது என்றெல்லாம் சொன்னார்கள். ஆனால் அந்த ஆறு ஞாயிறிலும் காணிப் பத்திரத்தைப் பற்றி அரை மணித்தியாலம்கூடப் பேசவில்லை. அதையெல்லாம் பத்திரம் எழுதுகிற தங்கள் நொத்தாரிசு பார்ப்பார் என்று விட்டுவிட்டார்கள். அந்த இடத்திலேயே நான் எழும்பி வந்திருக்கவேண்டும்.

கடைசி ஞாயிறு எங்களை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளிநொச்சிக்கு வந்தார்கள். இரணைமடுச் சந்தியிலிருந்து உள்ளே போகிற பாதையில் ஒரு ஏக்கர் காணி. பற்றை வெட்டித் துப்புரவாக்கி, இரண்டு பரப்பு இரண்டு பரப்பாகத் (பதினாறு பரப்பு ஒரு ஏக்கர்) தடி நட்டிருந்தார்கள். வேப்பமரத்துக்குக் கீழே சாப்பாட்டுப் பார்சல். சாப்பிட்டு முடிய, நடத்துகிற அண்ணை மற்றப் பதினான்கு பேருக்கு முன்னால் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, நீங்கள் சொல்லுங்கோ, இந்த மண்ணில அத்திவாரம் எவ்வளவு ஆழம் போகோணும்?"

நான் மண்ணைக் கிள்ளிப் பார்த்தேன். செம்மண் என்றால் எப்படி, வயல் பக்கத்துக் களி என்றால் ஏன் இன்னும் ஆழம் போகவேண்டும், கோடையில் களி வெடித்தால் சுவர் எப்படிப் பிளக்கும் என்று எல்லாம் சொன்னேன். அத்தனை பேரும் கொப்பியில் எழுதினார்கள். ஒரு வங்கி உத்தியோகத்தர் திருப்பிக் கேட்டு எழுதினார். என் வாழ்க்கையில் நான் சொல்லி ஒருவர் எழுதியது அன்றைக்குத்தான். அண்ணை என் தோளில் கை போட்டு, "உங்களைப் போல ஒராள்தான் எங்களுக்கு வேணும். முதல் துண்டு உங்களுக்கு" என்றார். அந்தக் கை என் தோளில் இருந்தபோதே நான் காசைக் கொடுத்து முடித்துவிட்டேன் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

துண்டு 13 இலட்சம். பாதி, அதாவது 650,000 ரூபாய், முற்காசு. மிச்சம் உறுதி (காணியை எழுதிக் கொடுக்கிற பத்திரம்) முடிக்கும்போது. சீட்டை எடுத்து 300,000. மனுசியின் சங்கிலியும் இரண்டு காப்பும் அடகு வைத்து 250,000. கையில் இருந்தது ஒரு இலட்சம். வகுப்புக்குக் கட்டின 35,000 ஐயும் சேர்த்தால் 685,000. முத்திரை ஒட்டின உடன்படிக்கை ஒன்றில் கையெழுத்து வாங்கினார்கள். மூலப்பத்திரம் கேட்டேன். "டீ.எஸ். ஒவீசில ஃபைல் ஓடுது தம்பி. நீங்கள் தனியப் போய்க் கேட்டுக் குழப்பிப் போடாதேங்கோ" என்றார். என் வீட்டிலிருந்து அந்தப் பிரதேச செயலக ஒவீசுக்குச் சைக்கிளில் போகலாம். போகவில்லை.

பிறகு தொடங்கியது இழுத்தடிப்பு. நொத்தாரிசு கொழும்பில் நிற்கிறார். மார்கழி மழை, நில அளவையாளர் இறங்கமாட்டார். தைப்பொங்கல் முடியட்டும். பொங்கல் முடிந்து போனால், மேசையில் இருக்கிற பிள்ளை "சேர் கூட்டத்தில நிக்கிறார்" என்கிறது. பூட்டின கதவுக்கு முன்னால் இரண்டு மணித்தியாலம் இருந்தேன். வட்ஸ்அப் குழுவில் கேட்டேன், மற்றவர்களைக் குழப்புகிறேன் என்று நீக்கிவிட்டார்கள். என் அத்திவாரக் கதையை எழுதின அந்த வங்கி உத்தியோகத்தர்கூட இப்போது கோல் எடுப்பதில்லை. கடைசியாக அண்ணை ஒருநாள் எடுத்தார். "காசைத் திருப்பித் தாங்கோ" என்றேன். "அது முதலீடு. முதலீட்டில நட்டமும் வரும் எண்டு வகுப்பில படிச்சனீங்கள்தானே?" என்று சொல்லி வைத்துவிட்டார்.

நேற்றுத்தான் காணிக் கிளைக்குப் போனேன். உத்தியோகத்தர் பத்து நிமிடத்தில் சொல்லி முடித்தார். அது பெர்மிட் காணி. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஒரு குடும்பத்துக்குப் பயிர் செய்து குடியிருக்கக் கொடுத்தது. அரச காணி. பெர்மிட்காரருக்கு அதை விற்க உரிமை இல்லை. பிறகு அளிப்புப் பத்திரம் (பெர்மிட்டுக்கு அடுத்த கட்டமாக அரசு கொடுக்கிற பத்திரம்) கிடைத்தாலும் பிரதேச செயலாளரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் கைமாற்ற முடியாது, மாற்றினாலும் அது செல்லாது. நினைத்தபடி இரண்டு பரப்பாகத் துண்டு போடவும் முடியாது. பெர்மிட் யார் பெயரில் இருந்ததோ அந்த ஐயா செத்துப் பல வருசம். தனக்குப் பிறகு காணிக்கு உரியவராக, பின்னுரித்தாளராக, யாரையும் அவர் பதியவில்லை. ஃபைல் ஒன்றும் ஓடவும் இல்லை.

இரணைமடுக் குளத்துக்குக் கீழே குடியேற்றத் திட்டங்களில் கொடுத்த காணிகள் இப்படி ஏராளம் என்பது எனக்கும் தெரிந்த விசயம்தான். எங்கள் அப்பாவின் காணியே பெர்மிட் காணி. அதுதான் நெஞ்சை அறுக்கிறது.

ஒவ்வொன்றாக எழுதுகிறேன் என்றேன், எழுத மனம் ஓடவில்லை. தனியாருக்குச் சொந்தமான உறுதிக் காணியா, பெர்மிட் காணியா என்பதை முதலில் கேளுங்கள். நீங்களே காணிக் கிளைக்குப் போங்கள், கேட்கப் போகாதே என்று ஒருவர் சொன்னால் அன்றைக்கே விட்டுவிடுங்கள். உறுதி என்றால் காணிப் பதிவகத்தில் தேடிப் பாருங்கள். கிராம அலுவலரையும் பக்கத்து வளவுக்காரரையும் கேளுங்கள். காட்டு ஓரம் என்றால் வனவளத் திணைக்களத்தின் எல்லைக் கல் உள்ளே நிற்கிறதா என்று நடந்து பாருங்கள். காசை ஒருபோதும் கையில் கொடுக்காதீர்கள். நான் 650,000 ரூபாயையும் கையில்தான் எண்ணிக் கொடுத்தேன்.

நாளைக் காலை உடன்படிக்கையைக் கொண்டு பொலிசுக்குப் போகிறேன். அன்றைக்கு அந்த வானில் வந்த மற்றப் பதினான்கு பேரில் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். தனி ஒரு ஆளாகப் போனால் அங்கேயும் காத்திருக்கத்தான் சொல்வார்கள்.