இருதயச் சூரணமும் என் பிறசரும்

கிளிநொச்சியில் ஏ9 வீதிப் பக்கமாக உள்ள ஒரு மூலிகைக் கடையில் ‘இருதயச் சூரணம்’ என்று ஒரு பொதி விற்கிறார்கள். 200 கிராம், 1,850 ரூபா. நான் வாங்கிக் குடித்தேன் என்று தெரிந்த பிறகு ஊரில் நாலைந்து பேர் “எப்படி?” என்று கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப் போனதால் எழுதுகிறேன். கடையின் பெயரைப் போட மாட்டேன். கடைக்காரர் நல்ல மனிதர், என் கோபம் எல்லாம் அந்தப் பொதியின் மேல்தான்.

எனக்கு வயது 61. இருபது வருடம் மருந்துக்கடையில் நின்று ஊராருக்குக் குளுசை எண்ணிக் கொடுத்தவன், ஆனால் என்னுடைய பிறசரை, அதாவது இரத்த அழுத்தத்தைப் பார்க்காமலே விட்டவன். போன வருடம் இருதயத்தை ஸ்கான் பண்ணுகிற எக்கோ எடுத்தபோது இருதயத்தின் இடது கீழறைச் சுவர் 14 மில்லிமீற்றர் என்று வந்தது. 11ஐத் தாண்டக் கூடாது. மண்வெட்டி பிடிக்கிறவன் கை முறுக்கேறுவது போல, கூடின அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளித் தள்ளி இருதயத் தசையும் தடித்துவிடுகிறது. கை தடித்தால் நல்லது. இருதயம் தடித்தால் சுவர் விறைத்து, இரத்தம் வந்து நிரம்புவதற்கே இடம் போதாமல் போகும். கிளினிக்கில் பிறசரைக் குறைக்கிற லொசார்டனும், சலம் போகிற குளுசை ஒன்றும் தந்தார்கள்.

“அண்ணை, மூண்டு மாசம் குடியுங்கோ, இருதயம் பழையபடி சுருங்கி வந்திடும்” என்றார் கடைக்காரர். பொதியில் ஆறு சாமான் எழுதியிருந்தது: மருதம்பட்டை, மஞ்சள், மிளகு, உள்ளி, வெந்தயம், அதிமதுரம். எது எவ்வளவு என்று இல்லை. அரைத்த திகதியும் இல்லை. அப்போதே வைத்துவிட்டு வந்திருக்க வேண்டும். ஆனால் மருதம்பட்டை என்றதும் மனம் இளகிவிட்டது. ஆற்றங்கரை மருதின் கீழ் விளையாடி வளர்ந்தவன் நான். மடுக் கோயில் மாதாவையும் மருதமடு மாதா என்று மரத்தின் பெயரைச் சேர்த்துத்தானே கும்பிடுகிறோம்.

சேர்மானத்தைப் போட்டவர் விஷயம் தெரியாதவர் அல்ல. மஞ்சளில் உள்ள குர்க்குமின், எலிகளில் இருதயத் தசை தடிப்பதைத் தடுத்ததாக 2008ல் யப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். குர்க்குமின் தனியே குடலால் சரியாக ஏறாது. மிளகில் உள்ள பிப்பெரின் கூடச் சேர்ந்தால் ஏறும். 1998ல் மனிதரில் சோதித்தபோது, 2 கிராம் குர்க்குமினோடு 20 மில்லிகிராம் பிப்பெரின் கொடுக்க, இரத்தத்தில் ஏறிய அளவு இருபது மடங்கு கூடியது. மருதம்பட்டைச் சாறும் 1995ல் இந்தியாவில் கடுமையான இருதயச் செயலிழப்பு உள்ள 12 பேருக்கு, வழக்கமான மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டு நல்ல பலன் காட்டியது. வெறும் 12 பேர், அவர்களுக்கு இருந்ததும் என்னுடைய நோய் இல்லை. சரி, அதையும் விடுவோம்.

கணக்குத்தான் இடிக்கிறது. மஞ்சள் தூளில் குர்க்குமின் நூற்றுக்கு மூன்று அளவில்தான் இருக்கும். 2 கிராம் குர்க்குமின் வேண்டுமானால் 60 கிராமுக்கு மேல் மஞ்சள் தின்ன வேண்டும். பொதியில் சொன்னதோ ஒரு தேக்கரண்டி, அதற்குள் ஆறு சாமான். மிளகு மஞ்சளை மட்டும் தேர்ந்தெடுத்து ஏற்றிவிடுவதும் இல்லை. சில குளுசைகளின் அளவையும் இரத்தத்தில் கூட்டிவிடும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போடுகிறவர்கள் உள்ளியும் மஞ்சளும் சேர்ந்த இப்படியான தூள் பக்கம் கேட்காமல் போகக் கூடாது.

என்னை விழுத்தியது அதிமதுரம். காலையும் மாலையும் சுடுதண்ணீரில் குடித்தேன். இனிப்பாகத்தான் இருந்தது, குறை சொல்ல முடியாது. இரண்டாம் கிழமை முடிவில் இரவில் கெண்டைக்கால் பிடித்து இழுத்தது. வீட்டு மெஷினில் 136/84 நின்ற பிறசர் 158/94 காட்டியது. மெஷின் பழுது என்று பற்றரியை மாற்றினேன்! பிறகுதான் கிளினிக்குக்குப் போனேன். இரத்தத்தில் பொட்டாசியம் 3.2, குறைவு.

“ஐயா, அதிமதுரம் ஏதும் குடிக்கிறீங்களோ?” என்று அந்த டொக்டர் பிள்ளை கேட்டதும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதிமதுரத்தில் உள்ள கிளிசிரைசின் உடலில் உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தை வெளியே தள்ளும், பிறசரை ஏற்றும். சலம் போகிற குளுசையும் பொட்டாசியத்தைக் கொண்டு போகிறதுதான். இரண்டும் ஒரே ஆளுக்கு. பிறசரால் தடித்த இருதயத்துக்கு, பிறசரை ஏற்றுகிற மருந்து! சூரணத்தை நிறுத்தி மூன்று கிழமையில் எல்லாம் பழைய நிலைக்கு வந்தது.

இந்தச் சூரணத்துக்கு ஐந்துக்கு ஒரு புள்ளி கொடுப்பேன், அதுவும் மருதம்பட்டைக்காக. லொசார்டன் தடித்த சுவரைக் குறைக்கிறது என்று 2002ல் ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்களில் பார்த்தே சொல்லியிருக்கிறார்கள். கிளினிக்கில் அது காசில்லாமல் கிடைக்கிறது. நான் 1,850 ரூபா கொடுத்து அதற்கு எதிராக வேலை பார்த்திருக்கிறேன்.

மிச்சத்தைக் கொண்டுபோய்க் கொடுத்து, அதிமதுரம் எவ்வளவு என்று கேட்டேன். “அது அப்பாவின்ர கைப்பக்குவம் அண்ணை, சொல்லேலாது” என்றார். காசைத் திருப்பித் தரவில்லை, ஒரு பனங்கட்டிக் குட்டான் தந்தார். பனங்கட்டி நல்லது. அதற்கு இப்போதும் அங்கேதான் போகிறேன்.