கான்கிரீட்டா, கப்பலா, டயரா: செயற்கைத் திட்டுகளை எதைக் கொண்டு அளப்பது?

மணற்பாங்கான கடலடியில் எதை இறக்கினாலும் சில வாரங்களில் மீன் வந்து சேரும். ஆகவே, செயற்கைத் திட்டைச் (மீன் வாழிடமாகக் கடலடியில் இறக்கப்படும் கட்டமைப்பைச்) சுற்றி மீன் மொய்க்கும் காணொளி எந்தத் திட்டத்தின் வெற்றிக்கும் சான்றாகாது. அந்த மீன்கள் அங்கேயே தங்கி வளர்ந்து பெருகியவையா, சுற்றுக் கடலில் சிதறிக் கிடந்தவை ஓரிடத்தில் கூடியவையா என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி. கூடியவை மட்டுமே என்றால் மீனவருக்குத் தேடும் வேலை குறைந்து முதல் சில ஆண்டுகளில் பிடிப்பு உயரும். ஆனால் கடலின் மொத்த மீன் இருப்போ முன்னைவிட வேகமாகக் கரையும்.

போட்டியிலிருந்து முதலில் விலக்க வேண்டியது பழைய டயர். அமெரிக்காவின் ஃபுளோரிடா கரைக்கு அப்பால் 1970களில் ஏறத்தாழ 20 லட்சம் டயர்கள் கட்டுக்கட்டாக இறக்கப்பட்டன. கட்டுகள் அறுந்ததும் அவை நீரோட்டத்தில் உருண்டு, அருகிலிருந்த இயற்கைப் பவளப்பாறைகளையே உரசிச் சிதைத்தன. அவற்றை மீட்கும் பணி 2007இல் தொடங்கியது.

கப்பலின் நிலை இவ்வளவு மோசமில்லை. உயரமும் உள்ளறைகளும் கொண்ட எஃகு உடல் களவா, சங்கரா போன்ற பெரிய மீன்களை விரைவில் ஈர்க்கிறது. சுற்றுலா முக்குளிப்பும் வருவாய் தருகிறது. ஆனால் 2006இல் ஃபுளோரிடா அருகே மூழ்கடிக்கப்பட்ட ஒரிஸ்கனி விமானந்தாங்கிக் கப்பலின் மின்கம்பி உறைகளில் பி.சி.பி. நச்சு (பழைய மின்பொருள்களில் பயன்பட்ட, எளிதில் சிதையாத வேதிப்பொருள்) எஞ்சியிருந்தது, தூய்மைப்படுத்தும் செலவு எப்போதும் இந்தக் கணக்கில் சேர வேண்டும். துருவிலிருந்து நீரில் கரையும் இரும்புக்கும் ஒரு விலை உண்டு. பசிபிக் கடலின் பால்மைரா பவளத்தீவில் 1991இல் தரைதட்டிய மீன்பிடிக் கப்பலைச் சுற்றி, பவளத்தை மூடிப் படரும் ஒருவகை உயிரி பெருகி, பாறையின் பெரும்பகுதியை ஆக்கிரமித்தது. இரும்புச்சத்து குறைந்த தெளிந்த நீரில் எஃகை இறக்குவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

கான்கிரீட் கட்டமைப்பு மெதுவாகவே பலன் தரும். புதிதாக இறக்கிய பரப்பு காரத்தன்மை மிகுந்தது. அது தணியத் தணிய முதலில் நுண்ணுயிர்ப் படலமும் பாசியும், பின்னர் கொட்டலசு, சிப்பி, கடற்பஞ்சு ஆகியவையும் ஒட்டும். சொரசொரப்பான முகத்தில், விரல் நுழையும் துளைகளில் நண்டுக் குஞ்சும் இளமீனும் ஒளிந்துகொள்கின்றன. வழவழப்பான, ஒரே அளவுத் துளைகள் கொண்ட கட்டமைப்பில் இந்தப் பல்வகைமை குறைகிறது. இந்த ஒட்டுயிர்களை மேயும் சிறுமீன்களும் அவற்றைத் தின்னும் பெருமீன்களும் அங்கே இரை பெறும்போதுதான் திட்டு உண்மையில் மீனை விளைவிக்கிறது. உயரமும் முக்கியமானது: கலிஃபோர்னியாவின் எண்ணெய் மேடைகள், கடலடியிலிருந்து நீர்மட்டம் வரை எழுவதாலேயே, உலகின் மிக வளமான மீன் வாழிடங்களுள் அடங்குகின்றன என்று 2014இல் வெளியான ஆய்வு காட்டியது.

இவற்றை ஒப்பிட, இறக்குவதற்கு முன்பும் பின்பும், திட்டிலும் அதையொத்த வெற்றுத் தரையிலும், அருகிலுள்ள இயற்கைப் பாறையிலும் பல பருவங்களுக்குக் கணக்கெடுப்பு நடத்த வேண்டும். தலை எண்ணிக்கையை விட அளவுப் பரவல் அதிகம் சொல்லும்: குஞ்சு, இளமீன், முதிர்மீன் மூன்றும் தொடர்ந்து காணப்பட்டால் அங்கே வளர்ச்சி நடக்க வாய்ப்புண்டு, முதிர்மீன் மட்டும் தென்பட்டால் ஈர்ப்பே காரணம் என்று ஐயுறலாம். செவிக்கல் (மீனின் காதுக்குள் இருக்கும் சிறு கல்) வளையங்களால் வயதையும், இரைப்பை ஆய்வால் உணவையும் அறியலாம்.

என் தேர்வு, பிடிப்புக் கட்டுப்பாட்டோடு சேர்ந்த கான்கிரீட் திட்டு. அந்தக் கட்டுப்பாடு இல்லாவிட்டால், புதிய திட்டு இறக்குவதை விட ஏற்கெனவே உள்ள இயற்கைப் பாறையில் மீன்பிடியை நிறுத்திவைப்பதே மீன்வளத்துக்கு நல்லது. கான்கிரீட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு. ஸ்பெயினின் மத்தியதரைக் கடற்கரையில் கனத்த கான்கிரீட் கட்டைகள், கடலடியை உரசி இழுக்கப்படும் இழுவை மடி வலைகளைத் தடுக்கவே இறக்கப்பட்டன. அத்தகைய திட்டின் பலனை அதன்மேல் மொய்க்கும் மீனை எண்ணி அறிய முடியாது. அது காத்த கடற்புல் வெளியில்தான் அளவெடுக்க வேண்டும்.