கட்டித் திசுவில் பூஞ்சை தேடும் ஐடிஎஸ் சோதனை: எதை நம்பலாம்?

புற்றுக்கட்டியின் துண்டை அனுப்பினால், அதில் எந்தெந்தப் பூஞ்சைகளின் டிஎன்ஏ இருக்கிறது என்று பட்டியல் போட்டுத் தருகின்றன சில மரபணு ஆய்வுக்கூடங்கள். கேட்க வேண்டியதைக் கேட்டு வாங்கினால் இந்த ஐடிஎஸ் (எந்தப் பூஞ்சை என்று அடையாளம் காட்டும் டிஎன்ஏ பகுதி) வரிசைப்படுத்தல் சேவை ஆராய்ச்சிக்கு உதவும். சிகிச்சையை முடிவு செய்வதற்காக வாங்கவே வேண்டாம்.

2022-இல் 'செல்' இதழில் வந்த இரண்டு ஆய்வுகள் பலவகைக் கட்டிகளில் பூஞ்சை டிஎன்ஏ இருப்பதாகக் காட்டின. அவற்றில் ஒன்று 35 வகைப் புற்றுநோய்களை அலசியது. இரண்டிலுமே கிடைத்த அளவு சொற்பம். சிக்கல் எல்லாம் அங்கேதான் தொடங்குகிறது. ஊழியரின் தோலிலிருந்தோ, டிஎன்ஏ பிரிக்கும் கிட்டின் திரவத்திலிருந்தோ வந்து விழும் துளி டிஎன்ஏவும், கட்டிக்குள் உண்மையில் இருக்கும் துளியும் ஒரே அளவில் நிற்கும்.

அறிக்கையின் வண்ணப் பட்டைகளைப் பாருங்கள். எல்லாம் 100 சதவீதத்துக்கு நிமிர்ந்து நிற்கும். மாதிரியில் 40 ரீடு (கருவி படித்த டிஎன்ஏ துண்டு) கிடைத்தாலும் 40,000 கிடைத்தாலும் உயரம் ஒன்றே. பாதிப் பட்டை மலசீசியா என்று வந்தால் உடனே நம்பிவிடாதீர்கள்; அது நம் எல்லோர் தோலிலும் குடியிருக்கும் ஈஸ்ட். கணையப் புற்றை மலசீசியா முடுக்குகிறது என்று 2019-இல் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. அதன் தரவை மறுபடி அலசிய வேறொரு குழு, அந்தத் தொடர்பு தெரியவில்லை என்று 2023-இல் அதே இதழில் எழுதியது.

அதனால் சதவீதத்தோடு ரீடு எண்ணிக்கையையும் கேட்டு வாங்குங்கள். வெளியிலிருந்து கலந்ததைப் பிரித்தறிய வெற்று மாதிரிகள் மூன்று வகை வேண்டும்: திசு இல்லாமல் பிரித்தெடுத்தது, டிஎன்ஏ இல்லாமல் பிசிஆர் (டிஎன்ஏவைப் பெருக்கும் முறை) ஓட்டியது, திசுவைப் பதித்து வைத்த அதே பாரஃபின் மெழுகுக் கட்டையில் திசு இல்லாத ஓரத்திலிருந்து சீவியது. பெருகிய டிஎன்ஏவைப் பார்க்கும் ஜெல்லில் ஒன்றும் தெரியவில்லை என்று அவற்றை விட்டுவிடும் கூடங்கள் உண்டு. விடக்கூடாது, அவற்றையும் வரிசைப்படுத்தச் சொல்லுங்கள்.

பூஞ்சைச் சுவரில் கைட்டினும் குளுக்கானும் இருப்பதால் புரதத்தைச் சிதைக்கும் புரோட்டினேஸ் கே நொதி மட்டும் போதாது. நுண்மணிகளோடு குலுக்கி உடைக்கிறார்களா என்று விசாரியுங்கள். உடைக்காவிட்டால் ஆஸ்பர்ஜில்லஸ் போன்ற இழைப் பூஞ்சைகள் கணக்கில் குறைந்துபோகும். பாரஃபின் திசுவில் டிஎன்ஏ நொறுங்கியிருக்கும், நீளமான துண்டு பெருகாது. ஐடிஎஸ் பகுதிக்குள் இருக்கும் ஐடிஎஸ்1, ஐடிஎஸ்2 என்ற குட்டைத் துண்டுகளில் ஏதாவது ஒன்று போதும். ஐடிஎஸ் பகுதி ஒரே செல்லில் பல பிரதிகளாக இருப்பதால், ரீடு எண்ணிக்கையைச் செல் எண்ணிக்கையாக எடுத்துக்கொள்ளவும் கூடாது.

பட்டியலில் வந்த பூஞ்சையை அதே கட்டையின் அடுத்த சீவலில் வெள்ளிச் சாயத்திலோ, ஒளிரும் டிஎன்ஏ குறியை ஒட்டவைக்கும் ஃபிஷ் முறையிலோ கண்ணால் பார்த்தால்தான் அது அங்கே இருந்தது என்று துணிந்து எழுதலாம்.

இன்னொன்று. பூஞ்சையால் புற்று வருவதற்கு மிக உறுதியான சான்று அஃப்ளடாக்சின் பி1 என்ற பூஞ்சை நஞ்சு. உணவில் வளர்ந்த ஆஸ்பர்ஜில்லஸ் சுரந்த அந்த நஞ்சு கல்லீரல் செல்லில் புற்றைத் தடுக்கும் டிபி53 மரபணுவின் 249-ஆம் கோடானை (மூன்றெழுத்துக் குறியை) மாற்றுகிறது. கட்டியில் பூஞ்சையே இருக்காது, ஐடிஎஸ் சோதனையும் வெறுமையாகத்தான் வரும். அந்த நஞ்சின் தடத்தைத் தேடுகிறீர்கள் என்றால் டிபி53 வரிசையைப் பார்க்கச் சொல்லி அனுப்புங்கள்.